ஜெயரத்தினம் அளந்த காற்று

ஃபேரர் பார்க்கில் ஒன்பதாம் மாடியில் குடியிருக்கும் ஜெயரத்தினத்தை அந்தத் தளத்தில் ஒருவருக்கும் பிடிக்காது. அவருக்கும் ஒருவரையும் பிடிக்காது. ஆகவே பகை இரு பக்கமும் சமமாகத்தான் இருந்தது. யாரும் யாருக்கும் அநியாயம் செய்துவிடவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேக்கு எழுத்தராக வந்த ஒருவரின் பேரன் அவர். தானும் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தலை நரைக்கும்வரை சரக்குப் பத்திரங்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்றார். அடுத்தவர் பிழையைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கிய மனிதர், சம்பளம் நின்ற பிறகும் வேலையை நிறுத்தவில்லை. லிஃப்டில் ஈரக் குடையோடு ஏறுகிறவர்கள், நடைவழியில் செருப்பு அலமாரி வைப்பவர்கள், மூங்கில் கழியில் சொட்டச் சொட்டத் துணி காயப்போடுகிறவர்கள், எல்லோருக்கும் ஏச்சு உண்டு. ஏசும்போது குரலை உயர்த்தமாட்டார். அதுதான் கேட்பவர்களுக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் ஆண்டு ஜூனில் சுமத்ராவில் காடு எரிந்தபோது, அவர் வீட்டு ஜன்னலிலிருந்து எதிர் புளோக் கட்டடம் தெரியவில்லை. தீவு முழுக்க முகக்கவசம் தேடி அலைந்தது. அந்த வாரத்தில்தான் அவர் மனைவி இரஞ்சிதம் இருமத் தொடங்கினார். புகைமூட்டம் போனது, இருமல் போகவில்லை. அடுத்த மாதமே ஜெயரத்தினம் நுண்துகளை அளக்கும் கருவி ஒன்றை வாங்கி, நடைவழியைப் பார்த்த சாமியறை ஜன்னலின் வெளிப்புறத்தில் பொருத்தினார். சோப்புப் பெட்டி அளவு இருக்கும். அது அளந்ததையெல்லாம் அவருடைய கைப்பேசிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. அன்றோடு வீட்டுக்குள் ஊதுபத்திக்குத் தடை, கற்பூரத்துக்குத் தடை, சாம்பிராணிக்குத் தடை. சாமிப் படங்களுக்கு முன்னால் ஒரு சிறிய மின்விளக்கு எரிந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் காற்றைப் பார்த்துவருகிறார். வேறெதையும் அவ்வளவு பொறுமையாகப் பார்த்தவரல்லர். டிசம்பரில் வடகிழக்குக் காற்றும் மழையும் வந்தால் கைப்பேசித் திரையில் வரைபடக் கோடு தாழும். ஜூன் பிறந்தால் காற்று தெற்கிலிருந்து வரும், கோடு மெல்ல ஏறும். காலையில் சிராங்கூன் சாலையில் லாரிகள் வரிசை கட்டும்போது ஒரு மேடு. பசியோடு அலையும் முன்னோர்களுக்குச் சீனர்கள் காகிதம் எரிக்கும் ஏழாம் மாதத்தில் சின்னச் சின்ன முட்கள். கிருமிக்குப் பயந்து ஊரே வீட்டுக்குள் அடைந்திருந்த இரண்டாயிரத்து இருபதில் கோடு தாழ்ந்தது. ஆனால் தரையைத் தொடவில்லை. ஒரு கார்கூட ஓடாத தெருவில் இந்தத் துகள் எங்கிருந்து வருகிறது என்று அவர் நெடுநேரம் யோசித்திருக்கிறார். கப்பல்கள், எண்ணெய் ஆலைகள், கடல் தாண்டிய புகைபோக்கிகள். ஊருக்கு எல்லை உண்டு, காற்றுக்கு இல்லை.

ஒன்றை மட்டும் அவர் சரியாகக் கண்டுகொண்டார். சனங்கள் புகைமூட்ட வாரங்களைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்து, படம் பிடித்து, பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். ஆனால் ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால், நெஞ்சில் இறங்கியதில் பெரும்பங்கு பெயரில்லாத நாட்களுடையது. வானம் நீலமாக இருந்த, யாரும் முறையிடாத, சாதாரணச் செவ்வாய்க்கிழமைகளுடையது. இதை அவர் பலரிடம் சொல்லிப் பார்த்தார். நல்ல செய்தியை மோசமான ஆள் சொன்னால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. கேட்டவர்கள் லிஃப்ட் வந்துவிட்டதென்று போய்விட்டார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இரஞ்சிதத்துக்கு மூச்சு முட்டி மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது என்றார் மருத்துவர். இன்னொரு முறை இப்படி வந்தால் திரும்பி வீட்டுக்கு வருவது உறுதியில்லை. எந்தப் புகைக்குப் பக்கத்திலும் இவரை விடாதீர்கள் என்றார். ஜெயரத்தினம் வீட்டுக்கு வந்து, பத்து வருட வாரங்களையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார். திங்கள் முதல் வியாழன் வரை கோடு ஏறக்குறைய ஒன்றுபோல ஓடியது. வெள்ளிக்கிழமை மாலையில் மட்டும் ஒரு கூம்பு, கோயில் கோபுரம் போல நிமிர்ந்து நின்றது.

அவருக்கு ஒரு நொடியும் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டில் ஹனீபா இருக்கிறார். நாகூர்ப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்த குடும்பம், தேக்காவில் துணிக்கடை. வெள்ளிக்கிழமை முஸ்லிம்களின் நாள். சாம்பிராணி வாசம் வெள்ளிக்கிழமை இரவு நடைவழியெங்கும் நிற்கும். டோபி காட்டில் பழைய அலுவலக நண்பர்களோடு பிரிட்ஜ் சீட்டு ஆடிவிட்டு வரும்போது அவரே அதைப் பலமுறை முகர்ந்து சபித்திருக்கிறார். தன் வீட்டுக்குள்ளும் அது இருக்கும். ஜன்னல் வழியாக வந்திருக்கும் என்பார். இரஞ்சிதம் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார்.

அந்த வாரமே நடைவழியில் ஹனீபாவை மறித்தார்.

“பாய், உங்கட வீட்டுச் சாம்பிராணி என்ர மனுசியைக் கொல்லுது.”

ஹனீபா சாவியைக் கையில் பிடித்தபடி நின்றார். “சார், இந்தத் தேக்கா முழுக்க பஸ் புகை, லாரிப் புகை, மீன் பொரிக்கிற புகை. அதுல என் வீட்டுப் புகை மட்டும் பேர் சொல்லிக்கிட்டு வந்துச்சா?”

“பேர் சொல்லிக்கொண்டுதான் வருது. வெள்ளிக்கிழமை பின்னேரம்.”

ஹனீபா எதையோ சொல்ல வாய் திறந்தார். உள்ளே நின்ற மனைவி ருக்கையாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “போங்க சார், உங்க மெஷின்கிட்டயே போய்க் கேளுங்க லா” என்று இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்.

அதன்பின் இரண்டு ஆண்டுகள் போர். ஜெயரத்தினம் வெள்ளிக்கிழமைகளில் ஹனீபா வீட்டு வாசலுக்கு எதிரே மின்விசிறியைத் திருப்பி வைத்தார். ஹனீபா அதன் ஒயரைப் பிடுங்கினார். ஜெயரத்தினம் நகர மன்றத்துக்கு முறையிட்டார், வீடமைப்புக் கழகமான வீவகவுக்கு முறையிட்டார். ஹனீபாவின் பிள்ளைகள் லிஃப்டில் அவரைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பெருநாளுக்கு ருக்கையா அனுப்பிய பிரியாணி கதவடியிலேயே ஆறிப்போய்க் கிடந்தது.

“இந்தப் புகை நிக்காட்டி வீட்டை வித்துப்போட்டு மார்சிலிங்குக்குப் போறம்” என்றார் இரஞ்சிதத்திடம். வடக்கே மார்சிலிங்கில் மகன் வாகீசன் இருக்கிறான். பக்கத்திலேயே ஒரு வீடு விலைக்கு வந்திருந்தது.

“நான் வரேல்ல.”

“உனக்கு மூச்சு வேண்டாமோ?”

“என்ர மூச்சு இஞ்சதான் கிடக்கு. கோயில் இருக்கு, மீன்கடை இருக்கு, கதைக்க நாலு சனம் இருக்கு. அங்க உங்கட முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கிறதுக்கு மூச்சு எதுக்கு?”

கடைசியில் விஷயம் சமரசக் கூட்டத்துக்கு வந்தது. கீழ்த்தளத்தில் குடியிருப்பாளர் குழுவின் அறை. நடுவராக வந்தவர் சுபாங்கி என்ற இளம் வழக்கறிஞர், தன்னார்வலர். அந்தப் பக்கம் ஹனீபாவும் ருக்கையாவும். இந்தப் பக்கம் ஜெயரத்தினம் தனியாகத்தான் போவதாக இருந்தார். லிஃப்ட் கதவு மூடும் நேரத்தில் இரஞ்சிதம் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டபடி உள்ளே ஏறிவிட்டார்.

“நீ எதுக்கு?”

“என்ர மூச்சைப் பற்றித்தானே கதைக்கப் போறியள்? உரியவள் வரக்கூடாதோ?”

சமரசத்தில் என்ன கேட்கப்போகிறார் என்பதை ஜெயரத்தினம் வரும் வழியிலேயே முடிவுசெய்திருந்தார். ஹனீபா எழுத்துமூலம் புகையை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் மறுநாளே வீடு விற்பனைக்கு.

“ஓகே அங்கிள், ஒவ்வொருத்தரா பேசலாம், குறுக்க பேசக்கூடாது” என்றார் சுபாங்கி. அந்த விதி அரை நிமிடம் நீடித்தது.

ஜெயரத்தினம் கைப்பேசியைத் திறந்து கூம்பைக் காட்டினார். “இது வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு வெள்ளியும். மழை பெய்தாலும் வெயில் எறிச்சாலும். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

“மேடம், ஒண்ணு சொல்றேன்” என்றார் ஹனீபா. “எங்க வீட்டுல வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுறதே இல்ல. எங்களுக்கு மஃரிப் பாங்கு சொன்னா அடுத்த நாள் பிறந்துடும். வியாழக்கிழமை பொழுது சாஞ்சா அதுதான் எங்களுக்கு வெள்ளி ராத்திரி. அப்பவே யாசீன் ஓதி, சாம்பிராணி போட்டு முடிச்சிடுவோம். வெள்ளிக்கிழமை சாயந்தரம் எங்களுக்குச் சனிக்கிழமை ஆரம்பிச்சாச்சு. இருபது வருஷமா ஒரே சுவத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கோம். இது தெரியாம என் வாசலுக்கு ஃபேன் திருப்புறாரு.”

“அப்பிடியெண்டால் வியாழக்கிழமையும் கோடு ஏறியிருக்க வேணுமே!”

“வியாழக்கிழமையைக் காட்டுங்க அங்கிள்” என்றார் சுபாங்கி.

ஜெயரத்தினம் காட்டினார். பழைய ஆண்டுகளில் வியாழன் மாலையிலும் ஒரு சின்ன மேடு இருந்தது. அவர் அதைப் போக்குவரத்து என்று ஒதுக்கியிருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் அந்த மேடு காணாமல் போயிருந்தது. வெள்ளிக்கிழமைக் கூம்புக்குப் பக்கத்தில் அது கணக்கில் எடுக்கத் தோன்றாத அளவு சிறியது.

“இந்த அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்ததிலேருந்து நான் பின்ரூம்ல, ரோட்டுப் பக்கத்து ஜன்னலைத் தொறந்து வச்சுட்டு ஒரு துண்டுதான் போடுறேன்” என்றார் ருக்கையா. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

“அப்ப வெள்ளிக்கிழமைப் புகை ஆரின்ர புகை?” என்று கேட்டார் ஜெயரத்தினம்.

ஹனீபா நாற்காலியை முன்னால் இழுத்தார். “நான் சொல்லட்டுமா?”

“நீங்க சும்மா இருங்க” என்று ருக்கையா அவர் முழங்கையைப் பிடித்தார்.

“ருக்கையா, விடு” என்றார் இரஞ்சிதம். “நான் சொல்லுறன். அது என்ர புகை.”

ருக்கையா பிடித்திருந்த முழங்கையை விட்டார்.

தடை வந்த ஆண்டிலிருந்தே அப்படித்தான். வெள்ளிக்கிழமை கணவர் சீட்டாடப் புறப்பட்டு லிஃப்ட் கீழே இறங்கியதும், ருக்கையா தூபத் தட்டைக் கொண்டுவந்து கொடுப்பார். இரஞ்சிதம் சாமியறையில் தொடங்கி வீடு முழுக்கப் புகை காட்டிவிட்டுத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இரஞ்சிதத்தின் அந்தத் தட்டு, தடை வந்த நாளிலிருந்து ஹனீபா வீட்டு அடுப்படியில்தான் இருந்தது. கரியும் சாம்பிராணியும்கூட ருக்கையாதான் இரு வீட்டுக்கும் சேர்த்து வாங்குவார்.

“என்ர வீட்டுத் தூபத் தட்டு இவையின்ர வீட்டிலயோ?”

இதைத்தான் அவர் முதலில் கேட்டார். மனைவியின் நெஞ்சைப் பற்றிக் கேட்டிருக்கலாம். மனிதனுக்கு முதலில் வலிப்பது எது என்பது அவன் வாயில் முதலில் வருவதில் தெரிந்துவிடுகிறது. பிறகுதான், “டொக்டர் சொன்ன பிறகுமோ?” என்றார்.

“பிறகும்தான். வெள்ளிக்கிழமை புகை காட்டாத வீடு எனக்குப் பூட்டிக்கிடக்கிற வீடு மாதிரி. உள்ள இருக்க ஏலாது.”

“ரெண்டு வருஷம் வாய மூடிக்கிட்டு ஏச்சு வாங்கினேன் லா, உங்களால” என்றார் ஹனீபா, இரஞ்சிதத்தைப் பார்த்து. “இவ சத்தியம் வாங்கிட்டா. என் பிள்ளைங்க முன்னாடி நான் கொலைகாரன்.”

“தெரியும் பாய். நான் செய்தது பிழை. அதைச் சொல்லத்தான் இண்டைக்கு வந்தனான். பழியை நீங்க சுமக்க, நான் சுகமாப் புகை காட்டினன்.”

“ஸோ, இப்ப கம்ப்ளெயின்ட் யார் மேல அங்கிள்?” என்றார் சுபாங்கி. சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார். முடியவில்லை.

ஜெயரத்தினம் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டார். “நான் முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கிறன்.”

“அது பத்தாது சார். மன்னிப்பு கேளுங்க.”

“கேட்டதெண்டு வச்சுக்கொள்ளுங்கோ.”

“வச்சுக்கிறதா? அது என்ன, கடைல எடுத்து வைக்கிற துணியா?”

அதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை. நால்வரும் ஒரே லிஃப்டில் ஒன்பதாம் மாடிக்கு ஏறினார்கள். கதவுக்கு மேல் மாறிக்கொண்டிருந்த எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வீட்டுக்குள் வந்ததும் இரஞ்சிதம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மூச்சு மருந்தை இழுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

“ஒண்டு கேக்கிறன். கணக்கு உங்களுக்குத்தானே தெரியும். இந்தப் பன்னிரண்டு வருசத்தில நான் ஒரு வெள்ளிக்கிழமையும் புகை காட்டாமல் இருந்திருந்தால், உங்கட அந்த வருசச் சராசரி எவ்வளவு குறைஞ்சிருக்கும்?”

அவர் அதை ஏற்கெனவே லிஃப்டிலேயே யோசித்துவிட்டார். மேசையில் உட்கார்ந்து சரிபார்த்தபோதும் அதே விடைதான். வெள்ளிக்கிழமை மாலைகளையெல்லாம் வெட்டி எறிந்த பிறகும் ஆண்டுச் சராசரி ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. மாற்றம் தசமப் புள்ளிக்குப் பின்னால், கண்ணைச் சுருக்கித் தேட வேண்டிய இடத்தில்.

விடையைச் சொன்னால் அவள் அதையே அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்வாள் என்று அவருக்குத் தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் புகை எழும். ஒரு நாள் ஆம்புலன்ஸ் வரும். பொய் சொன்னால் அவளால் சரிபார்க்க முடியாது. பாதியளவு குறைந்திருக்கும் என்று ஒரு வார்த்தை போதும், அவள் நின்றுவிடுவாள். நல்லதற்காகச் சொல்லும் பொய் பொய்யாகாது என்று ஒரு பேச்சு உலகத்தில் உண்டு. அதை நம்புகிறவர்கள் தம் நன்மையைத் தவிர வேறு எதையும் சரிபார்த்ததில்லை.

“ஒண்டும் குறைஞ்சிருக்காது” என்றார் ஜெயரத்தினம்.

இந்த மனிதரின் வாழ்க்கையில் பாராட்டலாம் என்று ஒன்றைத் தேடினால் இதைச் சொல்லலாம். அதிகம் பாராட்டவும் வேண்டாம். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“பாத்தியளோ! காடு எரிச்சவனும் லாரி ஓட்டுறவனும் கப்பல்காரனும் வருசம் முழுக்க ஊத்தினதை நான் இழுத்திருக்கிறன். என்ர ஒரு சிட்டிகைக்குத்தான் இவ்வளவு சத்தமோ?”

“ஓம். அவங்கள் எரிக்கிறது தீவு முழுக்கப் பிரிஞ்சு போகுது. நீ எரிக்கிறது பத்தடி அறைக்குள்ள, உன்ர மூக்குக்கு நேர. சராசரியை ஆரும் மூக்கால இழுக்கிறதில்லை, இரஞ்சி. அந்தப் பெட்டி வெளியில கிடக்கு. உள்ளுக்க என்ன நடக்குதெண்டு அதுக்குத் தெரியாது. எனக்கும் தெரியேல்ல.”

“அப்ப உள்ளுக்க வச்சுக் காட்டுங்கோ.”

அந்த வெள்ளிக்கிழமை அவர் சீட்டாடப் போகவில்லை. கருவியைக் கழற்றிச் சாமியறைக்குள் வைத்தார். பொழுது சாயும் நேரத்தில் ருக்கையா கதவுக்கு வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் தூபத் தட்டைக் கம்பிகளுக்கிடையே நீட்டினார். அவரும் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார். இரஞ்சிதம் கரியைப் பற்றவைத்து ஊதி, ஒரு சிட்டிகை தூவினார். வெள்ளைப் புகை முருகன் படத்தை மறைத்து எழுந்தது.

கருவியின் எண் ஏறியது. நூறு, இருநூறு. எதிர் புளோக்கை மறைத்த அந்த ஜூன் மாதத்தில் செய்தியில் சொன்ன எண்ணைத் தாண்டி, அதற்கு மேலும் ஏறியது. இரஞ்சிதத்துக்கு அதைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படவில்லை. படித்து முடிக்குமுன் இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஜெயரத்தினம் மருந்தைக் கொடுத்தார். நல்ல மனிதராக இருந்திருந்தால் அத்தோடு நின்றிருப்பார்.

“பாத்தியோ?” என்றார்.

இரஞ்சிதத்துக்கு மூச்சு திரும்பி வரச் சற்று நேரமானது. வந்ததும் சொன்னார். “பாத்தன். வாயை மூடுங்கோ.”

“மார்சிலிங்குக்கு...”

“அங்க போனால் மட்டும் வெள்ளிக்கிழமை வராதோ?”

மகனின் வீட்டுப் பக்கத்தில் பார்த்து வைத்திருந்த வீடு, வாகீசனிடம் சொல்லி வைத்திருந்த தரகர், எல்லாம் அந்த ஒரு கேள்வியில் முடிந்துபோயின. வீட்டை மாற்றலாம். இவள் போகும் இடத்துக்கெல்லாம் கிழமையும் கூடவே போகும்.

சாமியறையில் கரி இன்னும் கனன்றுகொண்டிருந்தது. இரஞ்சிதத்தின் பார்வை அங்கேயே இருந்தது. புகை காட்டல் பாதியில் நின்றுபோன வீடு.

ஜெயரத்தினம் எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு முகக்கவசத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு தட்டைத் தூக்கினார்.

“எந்த மூலையில தொடங்கிறது?”

“நீங்களோ?” இரஞ்சிதம் நிமிர்ந்து பார்த்தார். “உங்களுக்குச் சாமியே இல்லையே.”

“சாமியைப் பற்றிக் கேக்கேல்ல. மூலையைப் பற்றித்தான் கேட்டனான். நீ வெளியில போ. காற்று வாற பக்கமாப் போய் இரு. நான் கூப்பிடும்வரைக்கும் உள்ள வரப்படாது.”

இரஞ்சிதம் நடைவழியின் கோடிக்குப் போனார். ருக்கையா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டார். ஹனீபா வாசலுக்கு வந்து, முகக்கவசத்தோடும் தூபத் தட்டோடும் கூடத்தில் திரிந்த பக்கத்து வீட்டுக்காரரை ஜன்னல் வழியே பார்த்தார்.

“என்ன சார், ஆஸ்பத்திரிக்குக் கொசு மருந்து அடிக்கிற மாதிரி அடிக்கிறீங்க?”

“உங்கட வேலையைப் பாருங்கோ.”

“பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். அடுத்த தடவை தட்டை இடது கைல பிடிக்காதீங்க, இந்த அம்மா அழுவாங்க.”

ஜெயரத்தினம் கையை மாற்றிக்கொண்டார். அடுப்படி, குளியலறை வாசல், படுக்கையறை. கண் எரிந்து நீர் வழிந்தது. முகக்கவசத்துக்குள் தும்மினார்.

“கட்டிலுக்குக் கீழயும் காட்டுங்கோ!” நடைவழிக் கோடியிலிருந்து இரஞ்சிதத்தின் குரல் வந்தது.

“கட்டிலுக்குக் கீழ ஆர் இருக்கினம்?”

“ஆர் இருந்தால் உங்களுக்கு என்ன? காட்டெண்டால் காட்டுங்கோ.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே முழங்காலில் குந்தினார்.